போக, போவது, போய்: ஆங்கிலத்தின் ‘டு’வும் ‘இங்’கும்

முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, தரம் 10. ‘என் பொழுதுபோக்கு’ என்று பத்து வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அவளுடைய கொப்பியில் இரண்டாவது வரி இப்படி இருந்தது: ‘ஐ என்ஜோய் டு ஸ்விம் இன் த டேங்க்.’ ‘டு ஸ்விம்’ என்பதன் கீழே சிவப்புக் கோடு போட்டு, மேலே ‘ஸ்விம்மிங்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் கொப்பியை மூடவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தபடியே கேட்டாள்:

“ரீச்சர், போன கிழமை ‘ஐ வோன்ட் டு ஸ்விம்’ என்று எழுதினேன், சரி போட்டீங்கள். இது மட்டும் ஏன் பிழை?”

நல்ல கேள்வி. இதே கேள்வியை நானும் அந்த வயதில் கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் “அது அப்படித்தான், பாடமாக்கு.” இரண்டு நீளமான பட்டியல்கள் தந்தார்கள். ஒன்று ‘டு’ வரும் வினைகள், மற்றது ‘இங்’ வரும் வினைகள். பாடமாக்கினேன். பரீட்சை முடிந்த கையோடு அவை மறந்தும் போயின. பிறகு பல வருடம் கழித்து, நானே படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தப் பட்டியலின் பெரும் பகுதி நம் காதுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இதன் திறப்பு தமிழிலேயே கிடக்கிறது. அதை யாரும் எடுத்துக் கையில் தருவதில்லை, அவ்வளவுதான்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பாடம் கண்ணை விடக் காதுக்குத்தான் விரைவாகப் பழகும்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ‘டு ஸ்விம்’, ‘டு கோ’, ‘டு ஈட்’ என்று வினைக்கு முன்னால் ‘டு’ வரும் வடிவத்துக்கு இன்ஃபினிட்டிவ் என்று பெயர். ‘ஸ்விம்மிங்’, ‘கோயிங்’, ‘ஈட்டிங்’ என்று வினையின் வாலில் ‘இங்’ சேர்ந்து, அது ஒரு பெயர்ச்சொல் போல நடந்துகொண்டால் அதற்கு ஜெரண்ட் என்று பெயர். இரண்டும் லத்தீனிலிருந்து வந்த சொற்கள். இன்ஃபினிட்டிவ் என்றால் எல்லை கட்டாதது. யார் செய்தார், எப்போது செய்தார் என்ற எல்லை அதற்கு இல்லை. ‘டு கோ’ என்பதைப் பார்த்து நானா, அவளா, நேற்றா, நாளையா என்று சொல்ல முடியுமா? முடியாது. நம் ‘போக’ என்ற சொல்லும் அப்படித்தான். நான் போக, அவள் போக, அவர்கள் போக எல்லாவற்றுக்கும் ஒரே ‘போக’.

தமிழ்ப் பாடத்தில் எச்சம் படித்திருப்பீர்கள். எச்சம் என்றால் மிச்சம், முடியாமல் நிற்பது. ‘போக’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மிச்சத்துக்காகக் காத்திருப்பார். போக என்ன? போக விரும்புகிறாயா, போக மறுக்கிறாயா? இந்தச் ‘செய’ என்ற வாய்பாட்டு எச்சம்தான் இன்ஃபினிட்டிவுக்கு மிகக் கிட்டிய சொந்தம். ஜெரண்டுக்குக் கிட்டிய சொந்தம் தொழிற்பெயர்: போதல், போவது, நீந்துதல், நீச்சல். வினையாகப் பிறந்து பெயராக வாழும் சொற்கள் இவை. ‘நீந்துவது உடம்புக்கு நல்லது’ என்பதை ‘ஸ்விம்மிங் இஸ் குட் ஃபோர் யூ’ என்று அப்படியே மாற்றலாம். வசனத்தின் தொடக்கத்தில் எழுவாயாக நிற்கும் இடத்தில் சந்தேகமே வேண்டாம், ‘இங்’ போடுங்கள்.

சிக்கல் வருவது இன்னொரு வினைக்குப் பின்னால் வரும்போதுதான். அங்கேதான் ‘வோன்ட் டு ஸ்விம்’, ‘என்ஜோய் ஸ்விம்மிங்’ என்ற பிரிவு.

அந்தப் பிள்ளையிடம் நான் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டேன். “பிள்ளை, குளத்தில் நீந்த விருப்பம் என்பதைத் தமிழில் சொல்லுவாய்தானே. என்ஜோய் பண்ணினேன் என்பதை நல்ல தமிழில் எப்படிச் சொல்லுவாய்?” கொஞ்சம் யோசித்தாள். “நீந்தி மகிழ்ந்தேன்.” சரி. “நீந்த மகிழ்ந்தேன் என்று சொல்லலாமா?” சிரித்துவிட்டாள். அது காதிலேயே இடறுகிறது. நீந்த விரும்பினேன் என்பது சரி, நீந்த மகிழ்ந்தேன் என்பது தமிழே இல்லை. விரும்பும்போது நீச்சல் இன்னும் நடக்கவில்லை. மகிழும்போது நீச்சல் நடந்தாகிவிட்டது, அல்லது நடந்துகொண்டிருக்கிறது. உடம்பு நனைந்த பிறகுதான் மகிழ முடியும். ஆங்கிலத்தில் ‘ஐ வோன்ட் டு ஸ்விம்’, ‘ஐ என்ஜோய் ஸ்விம்மிங்’ என்று பிரித்து வைத்திருப்பதும் இதே வேறுபாட்டைத்தான்.

‘டு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இது இன்னும் தெளியும். ஏ9 வீதியில் ஏறி ‘ஐ ஆம் கோயிங் டு வவுனியா’ என்று சொல்கிறோமே, அந்த ‘டு’வேதான் இந்த ‘டு’வும். ‘நோக்கி’ என்பது அதன் பழைய பொருள். பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவுக்கு ‘டு’ கட்டாயமாக இருக்கவில்லை. வினையின் கடைசியில் ‘அன்’ என்று ஒரு விகுதி இருந்தது. அந்த விகுதி காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்தது. நோக்கத்தைச் சொல்லும் இடங்களில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ‘டு’ மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் பரவிக்கொண்டது. கிளிநொச்சியில் நின்றுகொண்டு வவுனியா நோக்கிப் போகிறேன் என்றால் இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். ‘வோன்ட் டு ஸ்விம்’ என்பதிலும் மனம் நீச்சலை நோக்கி நிற்கிறது, இன்னும் சேரவில்லை. ஆசை, திட்டம், தீர்மானம், சம்மதம், மறுப்பு எல்லாம் இப்படி முன்னால் பார்க்கும் வினைகள். அவற்றுக்குப் பின்னால் ‘டு’ வருவதில் வியப்பில்லை.

தமிழில் சொல்லிப் பாருங்கள். போகத் தீர்மானித்தோம்: ‘வி டிசைடட் டு கோ’. வரச் சம்மதித்தான்: ‘ஹி அக்ரீட் டு கம்’. உதவ முன்வந்தார்: ‘ஷி ஓஃபர்ட் டு ஹெல்ப்’. காணி வாங்கத் திட்டமிட்டார்கள்: ‘தே ப்ளான்ட் டு பை லேண்ட்’. நீந்தக் கற்றேன்: ‘ஐ லேர்ன்ட் டு ஸ்விம்’. எல்லா இடத்திலும் தமிழில் ‘செய’, ஆங்கிலத்தில் ‘டு’.

இனி மற்றப் பக்கம். படித்து முடித்தேன்: ‘ஐ ஃபினிஷ்ட் ரீடிங்’. படிக்க முடித்தேன் என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. ஆனால் ‘ஃபினிஷ்ட் டு ரீட்’ என்று கொப்பி கொப்பியாக எழுதுகிறார்கள். பேசிப் பழகினேன்: ‘ஐ ப்ராக்டிஸ்ட் ஸ்பீக்கிங்’. கதைத்துக்கொண்டே இருந்தான்: ‘ஹி கெப்ட் டோக்கிங்’. இங்கெல்லாம் தமிழில் வருவது ‘செய்து’ என்ற எச்சம். முதல் வினை நடந்த பிறகு அல்லது நடந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது வினை வருகிறது. அதே குடும்பத்தில் ‘செய்ததை’, ‘செய்வதை’ என்று ஐ உருபு ஏற்று வரும் தொழிற்பெயர்களும் சேரும். கூட்டத்தைத் தவிர்த்தான் என்பது போலவே, கூட்டத்தில் கதைப்பதைத் தவிர்த்தான்: ‘ஹி அவொய்டட் ஸ்பீக்கிங்’. போவதை ஒத்திவைத்தோம்: ‘வி போஸ்ட்போன்ட் கோயிங்’. எடுத்ததை ஒப்புக்கொண்டான்: ‘ஹி அட்மிட்டட் டேக்கிங் இட்’.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோடி இருக்கிறது. ‘மறுத்தான்’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்: ‘ரெஃபியூஸ்’, ‘டினை’. ரெஃபியூஸுக்குப் பின்னால் ‘டு’, டினைக்குப் பின்னால் ‘இங்’. எது எப்போது என்று பிள்ளைகள் திண்டாடுவார்கள். தமிழில் ‘மறுத்தான்’ என்பதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பணத்தை எடுக்க மறுத்தான் என்றால் இன்னும் எடுக்கவில்லை, எடுக்கமாட்டேன் என்கிறான். ‘ஹி ரெஃபியூஸ்ட் டு டேக் த மனி.’ பணத்தை எடுத்ததை மறுத்தான் என்றால் எடுத்தது நடந்ததா என்பதே பேச்சு, இல்லை என்கிறான். ‘ஹி டினைட் டேக்கிங் த மனி.’ எடுக்க, எடுத்ததை. ஒரு வினையின் வால் மாறியவுடன் முழுக் கதையும் மாறுகிறது. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை நாலு வயதிலிருந்தே பிழையில்லாமல் பேசி வருகிற பிள்ளைக்கு ஆங்கில ஜெரண்ட் பெரிய மலை இல்லை.

ஆக, சோதனை இதுதான். ஆங்கிலத்தில் எழுதமுதல் அந்த இரண்டு வினைகளையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். முதல் வினை ‘செய’ என்று வந்தால் ‘டு’. ‘செய்து’, ‘செய்ததை’, ‘செய்வதை’ என்று வந்தால் ‘இங்’.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் பரீட்சை மண்டபத்தில் உங்களைக் கைவிட்டவள் ஆவேன். வருவதாக வாக்குக் கொடுத்தான், வருவேன் என்று நம்புகிறேன் என்று தமிழில் ‘ஆக’வும் ‘என்று’வும் வரும் இடங்கள் உண்டு. ப்ரொமிஸும் ஹோப்பும் முன்னால் பார்க்கும் வினைகள், எனவே ‘டு’தான்: ‘ஹி ப்ரொமிஸ்ட் டு கம்’, ‘ஐ ஹோப் டு கம்’. ‘மேனேஜ்’ என்று ஒன்று உண்டு. எப்படியோ செய்து முடித்தேன் என்று தமிழில் சொல்வோம், ஆங்கிலத்தில் ‘ஐ மேனேஜ்ட் டு டூ இட்’. சோதனை இங்கே தோற்கிறது. மறுபக்கம் ‘சஜெஸ்ட்’ ஒரு குழப்படிகாரச் சொல். ஒரு யோசனை சொல்லும்போது அந்த வேலை இன்னும் நடக்கவில்லை, ஆனாலும் ‘ஹி சஜெஸ்டட் கோயிங் பை பஸ்’ என்றுதான் வரும். ‘சஜெஸ்டட் டு கோ’ என்று எழுதினால் பிழை. யோசித்துப் பார்த்தேன் என்ற பொருளில் வரும் ‘கன்சிடர்’ என்பதும் ‘இங்’ கேட்கும். இந்த நாலைந்தைத் தனியாகப் பாடமாக்கத்தான் வேண்டும். நாற்பதைப் பாடமாக்குவதை விட இது எவ்வளவோ மேல்.

‘லைக்’, ‘லவ்’, ‘ஹேட்’, ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ ஆகியவற்றோடு இரண்டும் வரும், பொருள் பெரிதாக மாறாது. ஆனால் ‘வுட் லைக்’ என்று வந்துவிட்டால் ‘டு’ மட்டும். வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்க விருப்பமா என்று கேட்பது ‘வுட் யூ லைக் டு டிரிங்க் டீ?’ அவர் பொதுவாகத் தேத்தண்ணி விரும்பிக் குடிப்பவரா என்பது வேறு கேள்வி, அது ‘டூ யூ லைக் டிரிங்கிங் டீ?’ அடுப்பில் தண்ணீர் வைத்தபடி இரண்டாவதைக் கேட்டால் வந்தவர் குழம்பிப்போவார்.

இனி இந்தப் பாடத்தின் அழகான பகுதிக்கு வருகிறேன். சில வினைகள் ‘டு’வையும் ஏற்கும், ‘இங்’கையும் ஏற்கும். ஆனால் ஒவ்வொன்றோடும் பொருள் வேறு. ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு அட்டவணை போட்டிருப்பார்கள். நாம் மாங்குளம் சந்தியில் பஸ்ஸை நிறுத்திப் பார்ப்போம்.

சாரதி தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார். ‘த டிரைவர் ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ.’ பஸ் நின்றது, தேத்தண்ணி இனித்தான். இப்போது இன்னொரு வசனம்: சாரதி தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினார். ‘த டிரைவர் ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ.’ சீனி வருத்தம் என்று டொக்டர் சொல்லியிருக்கலாம், இனி அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பையே இல்லை. முதல் வசனத்தில் நின்றது பஸ், இரண்டாவதில் நின்றது பழக்கம். ‘குடிக்க நிறுத்தினார்’, ‘குடிப்பதை நிறுத்தினார்’ என்று தமிழ் வைத்திருக்கும் அதே பிரிவை ஆங்கிலமும் அதே இடத்தில் வைத்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வாங்கில் இருக்கிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

‘ஃபர்கெட்’டும் அப்படித்தான். படலையைச் சாத்த மறந்துவிட்டேன்: ‘ஐ ஃபர்காட் டு க்ளோஸ் த கேட்.’ சாத்தவில்லை, மாடு உள்ளே வந்து மிளகாய்க் கன்றைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. வயல் காவலுக்குப் போன இரவில் யானையைக் கண்டதை ஒருநாளும் மறக்கமாட்டேன்: ‘ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் த எலிபன்ட்.’ கண்டது நடந்த விஷயம், அது நெஞ்சில் கிடக்கிறது. சாத்த, கண்டதை. டு, இங்.

‘ரிமெம்பர்’ இதன் மறுபுறம். படலையைச் சாத்த நினைவு வைத்துக்கொள் என்று அம்மா சொன்னால் ‘ரிமெம்பர் டு க்ளோஸ் த கேட்’. சாத்தியது எனக்கு நினைவிருக்கிறது என்று நான் சொன்னால் ‘ஐ ரிமெம்பர் க்ளோசிங் த கேட்’. எனக்கு இந்த வடிவம் மனதில் தங்கியதே ஒரு வசனத்தால்தான். 2009இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாளின் கீழே இருந்து படித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. வெயில் ஏற ஏறத் தறப்பாள் சூடாகி, எழுதும் கையிலிருந்து வியர்வை வழிந்து கொப்பியில் மை பரவும். பல வருடம் கழித்து ஆங்கிலத்தில் என்னைப் பற்றி எழுத வேண்டி வந்தபோது ‘ஐ ரிமெம்பர் ஸ்டடியிங் அண்டர் எ டார்பாலின்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு ஏன் ‘டு ஸ்டடி’ என்று கை போகவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். படித்தது நினைவிருக்கிறது என்றுதான் மனம் சொன்னது, கை அதையே எழுதியது. அன்றைக்குத்தான் தமிழிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்கலாம் என்ற எண்ணம் எனக்குப் பிறந்தது.

‘ட்ரை’ என்ற சொல்லை இன்னும் கிட்ட வைத்துப் பார்க்கலாம். தோட்டத்தில் மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை. தம்பி அதைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போக முயன்றான், பாரம் கூட, முடியவில்லை. ‘ஹி ட்ரைட் டு லிஃப்ட் த பம்ப்.’ பிறகு ப்ளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தான். ‘ஹி ட்ரைட் க்ளீனிங் த ப்ளக்.’ துடைப்பது அவனுக்குக் கடினமான வேலை இல்லை. துடைத்தான், அதனால் பலன் வருகிறதா என்று பார்த்தான். ‘ட்ரை டு’ என்றால் அந்த வேலையே கடினம், முயல்கிறான். ‘ட்ரை’யோடு ‘இங்’ வந்தால் வேலை எளிது, ஆனால் அதால் பிரச்சினை தீருமா என்பது சோதனை. தமிழில் முன்னதற்கு ‘தூக்க முயன்றான்’, பின்னதற்கு ‘துடைத்துப் பார்த்தான்’. நாம் ஒரு நாளில் எத்தனை தரம் ‘செய்து பார்’, ‘கேட்டுப் பார்’, ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம்! அத்தனையும் ஆங்கிலத்தின் ‘ட்ரை டூயிங்’, ‘ட்ரை ஆஸ்கிங்’, ‘ட்ரை ஈட்டிங்’. ஆங்கிலப் புத்தகத்தில் இது அரைப்பக்க விளக்கம். நமக்கு ஒரு துணைவினை.

முன்னிடைச்சொற்களுக்கு வருவோம். ‘இன்’, ‘அட்’, ‘ஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘விதவுட்’ போன்ற சொல் ஒன்றுக்குப் பின்னால் வினை வந்தால் எப்போதும் ‘இங்’. விதிவிலக்கு தேடி அலைய வேண்டியதில்லை. ‘ஷி இஸ் குட் அட் சிங்கிங்’, ‘தேங்க் யூ ஃபோர் கமிங்’, ‘ஹி லெஃப்ட் விதவுட் ஈட்டிங்’. பெயர்ச்சொல் வரவேண்டிய இடம் அது, எனவே வினை பெயராக மாறித்தான் உள்ளே வரவேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, சாதாரண தரத்துக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிப் பழகுகிற எல்லோரும் அதில் ஒரு தரமாவது விழுவார்கள். கடிதத்தின் கடைசியில் உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன் என்று எழுதவேண்டும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’ வரை சரியாக எழுதிவிட்டு, ‘டு’வைக் கண்டவுடன் ‘ஹியர்’ என்று முடித்துவிடுகிறார்கள். சரியானது ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. இந்த ‘டு’ இன்ஃபினிட்டிவின் ‘டு’ இல்லை, வவுனியாவுக்கு என்பதில் வரும் ‘டு’. எப்படிக் கண்டுபிடிப்பது? வினையை எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்’ என்று சொல்லலாம், ஆகவே இது பெயர் கேட்கும் ‘டு’, ‘இங்’ போடவேண்டும். ‘ஐ வோன்ட் டு த ஹாலிடேஸ்’ என்று சொல்ல முடியாது, ஆகவே அது வினை கேட்கும் ‘டு’. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வோக்கிங்’, நடந்து பழகிவிட்டேன் என்பதும் இந்த வகைதான். அதன் தமிழிலும் ‘நடந்து’ வருவதைக் கவனித்தீர்களா? ஆனால் ‘ஐ யூஸ்ட் டு வோக் டு ஸ்கூல்’ என்றால் முன்பு பள்ளிக்கு நடந்து போவேன், இப்போது இல்லை. அது வேறு சொல்லாகவே நினைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நமக்கு உதவுவது போலவே சில இடங்களில் காலை வாரியும் விடும். அதையும் சொல்லவேண்டும். அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன் என்பதை ‘ஐ வோன்ட் தட் ஹி கம்ஸ்’ என்று எழுதுவார்கள், ‘என்று’ இருப்பதால் ‘தட்’ வந்துவிடுகிறது. ஆங்கிலம் ஆளைத் தூக்கி நடுவில் வைக்கும்: ‘ஐ வோன்ட் ஹிம் டு கம்.’ நோக்கம் சொல்லும் இடத்தில் படிப்பதற்காக வந்தேன் என்பது ‘ஐ கேம் ஃபோர் ஸ்டடியிங்’ என்றோ, இன்னும் மோசமாக ‘ஃபோர் டு ஸ்டடி’ என்றோ ஆகிவிடும். நோக்கத்துக்கு வெறும் ‘டு’ போதும்: ‘ஐ கேம் டு ஸ்டடி.’ படிக்க முடியும் என்பதிலும் ‘செய’ இருக்கிறது, ஆனால் ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ போன்றவற்றுக்குப் பின்னால் ‘டு’ வராது, ‘ஐ கேன் ரீட்’ மட்டும்தான். ‘லெட்’, ‘மேக்’ இரண்டும் இதே போல: போக விட்டா என்பது ‘ஷி லெட் மீ கோ’, படிக்க வைத்தா என்பது ‘ஷி மேட் மீ ஸ்டடி’. அனுமதித்தா என்று ‘அலவ்’ போட்டால் மட்டும் ‘டு’ திரும்பி வந்துவிடும், ‘ஷி அலவ்ட் மீ டு கோ’.

எல்லா ‘இங்’கும் ஜெரண்ட் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ‘ஹி இஸ் ஸ்விம்மிங்’ என்றால் நீந்திக்கொண்டிருக்கிறான், அது வினைதான். ‘ஹிஸ் ஹாபி இஸ் ஸ்விம்மிங்’ என்றால் பொழுதுபோக்கு நீச்சல், அது ஜெரண்ட். ‘நீச்சல்’ என்று தமிழில் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். எதிர்மறைக்கு இரண்டிலும் முன்னால் ‘நாட்’ சேர்த்தால் போதும்: ‘ஹி டிசைடட் நாட் டு கோ’, ‘ஐ ரிக்ரெட் நாட் கோயிங்’.

சரி, இப்போது நீங்களே செய்து பாருங்கள். கீழே ஒரு சின்னப் பந்தி. கீழே பதிலைப் பார்க்காமல், ஒவ்வொரு வசனத்தையும் வாயால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

போன ஞாயிறு நானும் தம்பியும் பாலைப்பழம் பறிக்கக் காட்டுக்குப் போகத் தீர்மானித்தோம். அம்மா எங்களைத் தனியே போக விடவில்லை, மாமாவைக் கூட வரச் சொன்னா. ஒரு முதிரை மரத்தடியில் தண்ணீர் குடிக்க நின்றோம். தம்பி கதைப்பதை நிறுத்தவே இல்லை. பழத்தைத் தின்று முடிக்கமுதல் இருட்டத் தொடங்கிவிட்டது.

முதல் வசனம்: ‘லாஸ்ட் சண்டே மை பிரதர் அண்ட் ஐ டிசைடட் டு கோ டு த ஃபாரெஸ்ட் டு பிக் ஃப்ரூட்.’ ஒரே வசனத்தில் மூன்று ‘டு’. முதலாவது தீர்மானத்தின் ‘டு’, நடுவில் இருப்பது காட்டுக்கு என்பதன் ‘கு’, மூன்றாவது நோக்கத்தின் ‘டு’. மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. இரண்டாவது: ‘அவர் மதர் டிட் நாட் லெட் அஸ் கோ அலோன். ஷி ஆஸ்க்ட் அவர் அங்கிள் டு கம் வித் அஸ்.’ ‘லெட்’டுக்குப் பின்னால் ‘டு’ இல்லை, ‘ஆஸ்க்’குக்குப் பின்னால் ஆளும் பிறகு ‘டு’வும். மூன்றாவது: ‘வி ஸ்டாப்ட் அண்டர் எ ட்ரீ டு டிரிங்க் வாட்டர்.’ நின்றது குடிப்பதற்காக. நான்காவது: ‘மை பிரதர் நெவர் ஸ்டாப்ட் டோக்கிங்.’ இங்கே ‘ஸ்டாப்ட் டு டோக்’ என்று எழுதியவர்கள் மாங்குளம் சந்திக்குத் திரும்பிப் போய் சாரதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசி: ‘பிஃபோர் வி ஃபினிஷ்ட் ஈட்டிங், இட் பிகேன் டு கெட் டார்க்.’

முத்தையன்கட்டுப் பிள்ளை கடைசி வசனத்தில் ‘இட் பிகேன் கெட்டிங் டார்க்’ என்று எழுதியிருந்தாள். எழுதிவிட்டு, நான் சிவப்புப் பேனையை எடுக்கமுதலே, “பிகின்னுக்கு ரெண்டும் வரும்தானே ரீச்சர்?” என்று கேட்டாள். ஓம், ரெண்டும் வரும். சரி போட்டேன்.